லூமேயின் முதுகில் இவர்

ஒக்ரோபர் 4, சனி

காலையிலிருந்து தூறல். 401 ஹைவேயில் இரண்டு இடத்தில் வீதி வேலை. ஒஷாவா தாண்ட ஒன்றேகால் மணித்தியாலம். காரில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. (திருத்தக் கொடுக்க. குளிர்கால ரயரும்.)

எல்லாம் அந்த ஹீற்றரால் வந்தது.

ஐந்து வருடமாகச் சனிக்கிழமைகளில் குதிரையேற்றம் படிக்க இனெஸின் லாயத்துக்குப் போகிறேன். ஹைவேயில் கார் ஓட எனக்குப் பயம். இவர்தான் கூட்டிப் போவார். நான் உள்ளே குதிரையில், இவர் வெளியே காருக்குள், தமிழ் ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்டபடி. எங்கள் கலியாணத்தில் இதைவிட ஒழுங்காக நடந்த காரியம் வேறு இல்லை.

இன்று குளிர் தாங்காமல் இவரும் உள்ளே வந்து சுவரோரம் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். என் பாடம் முடிந்தது. இனெஸ் இவரைப் பார்த்து, “நீங்களும் ஒருக்கால் ஏறிப் பாருங்களேன்” என்றாள். பகிடிக்குத்தான். நானும் சிரித்தேன்.

ஏறினார். வேலைக்குப் போடும் ஜீன்ஸ், வேலைச் சப்பாத்து. இனெஸ் நீளக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள். அங்கவடியில் கால் வைக்காமல், கடிவாளம் பிடிக்காமல், குதிரை லூமேயின் முதுகில் சும்மா இருந்தார். நடை. பிறகு மெல்லோட்டம். மெல்லோட்டத்தில் எவரும் மூட்டை மாதிரிக் குலுங்குவார்கள். இவர் குலுங்கவில்லை. பத்து நிமிடம்.

இனெஸ் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு மணித்தியாலப் பாடத்தில் “கை, கை, தோள், மூச்சு, கை” என்று அவள் வாய் ஓய்ந்து நான் கண்டதில்லை.

“முன்பு எங்கே படித்தீர்கள்?”

“நான் வள்ளத்தில நிண்டனான்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நான்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

வள்ளமாம். இவருடைய மன்னாரில் பாதிப் பேர் மீன்பிடி வள்ளத்தில் நின்றவர்கள்தான். இவருடைய தம்பியும் நின்றவர். அவருக்குச் சைக்கிளில் நேராக இருக்கத் தெரியாது.

திரும்பி வரும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “அவரின்ர முதுகு நல்ல சூடு, என்ன?” அவர் என்றது குதிரையை.


ஒக்ரோபர் 5, ஞாயிறு

வெயில். பூசைக்குப் பிறகு மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணி. இவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் முதன்முதலில் குதிரையில் ஏறிய கிழமை மண்டபம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். “நெடுந்தீவுக்காரி எல்லே, அங்கை குதிரை மேயிற இடம்” என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அங்கே குதிரைகள் தங்கள் பாட்டில் மேயும், நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். அவ்வளவுதான். மன்னாரில் அதுவும் இல்லை, கழுதைதான்.

எனக்கு எடுத்த காலம்:
நிமிர்ந்து இருக்க: ஏழு மாதம்.
அங்கவடி இல்லாமல் மெல்லோட்டம்: இரண்டு வருடம், ஒரு விலா எலும்பு.
மூச்சை விட்டுக் குதிரையை நிறுத்த: இன்னும் பத்தில் மூன்று தடவைதான்.
இவருக்கு: பத்து நிமிடம்.

சின்னத்தனம். தெரிந்தேதான் எழுதுகிறேன்.


ஒக்ரோபர் 8, புதன்

வேலை. இரத்தம் எடுக்க இன்று நாற்பத்தொரு பேர். ஒரு கிழவி, “முடிஞ்சுதோ? எனக்கு ஊசி குத்தினதே தெரியேல்லை” என்றாள். இருபது வருடமாக இதையே கேட்கிறேன். என் கை மெதுவான கை. குதிரையில் மட்டும் அது கல்லாகிவிடுகிறது. இனெஸ் சொல்வது: “உனக்கு வேண்டியதை நீ இழுத்து எடுக்கப் பார்க்கிறாய். லூமே தரும்வரை இரு.”

வீட்டுக்கு வந்தால் இவர் குசினி மேசையில் என் குதிரைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு. நான் பென்சிலால் அடிக்கோடு போட்ட புத்தகம். படங்களை மட்டும் பார்க்கிறார்.

“உவையள் ஏன் எல்லாத்துக்கும் ஒரு பேர் வைச்சிருக்கினம்?”

“பேர் தெரியாட்டி எப்பிடிப் படிக்கிறது?”

“அதுவும் சரிதான்” என்று மூடி வைத்தார். அட்டையில் மீன் எண்ணெய். துடைத்தும் போகவில்லை.


ஒக்ரோபர் 11, சனி

குளிர், வெயில். இலை எல்லாம் சிவப்பு. ஹீற்றர் திருத்தியாயிற்று. இருந்தும் இவர் காரில் இருக்கவில்லை. இனெஸ் வாசலிலேயே காத்து நின்று கூட்டிப் போனாள்.

லூமேயைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். இருபத்துமூன்று வயது. வெள்ளை, கழுத்தில் சாம்பல் புள்ளிகள். இனெஸின் அப்பா போர்த்துக்கலில் பழக்கிய குதிரை. அவர் செத்த பிறகு இனெஸ் கப்பலில் அல்ல, விமானத்தில் கொண்டுவந்தாள். அந்த அப்பாவுக்கு ஒரு ஆசிரியர், அவருக்கு ஒரு ஆசிரியர், அப்படியே முந்நூறு வருடம் பின்னால் போகும் என்பாள். பந்தயம் இல்லை, வேலி பாய்தல் இல்லை. குதிரை வயலில் தன் சந்தோசத்துக்குச் செய்கிற அசைவை, மனிதன் முதுகில் இருக்கும்போதும் அதே சந்தோசத்தோடு செய்ய வைப்பது. சவுக்கால் முடியாது. புத்தகத்தால் பாதிதான் முடியும். “அப்பா எனக்கு நேரே சொல்லித் தரவில்லை. லூமேக்குச் சொல்லிக் கொடுத்தார். லூமே எனக்குச் சொல்லித் தந்தான்.”

அடுத்தது நான் என்று நினைத்திருந்தேன். ஐந்து வருடமாக அவளிடம் நின்ற வயதான மாணவி நான் ஒருத்திதான்.

இன்று: என் பாடம் சுமார். பிறகு இவர். இந்த முறை கடிவாளமும் கொடுத்தாள். இரண்டு சுற்று நடை, மெல்லோட்டம். மூன்றாவது சுற்றில், நீளச் சுவர்ப் பக்கம் திரும்பியதும், லூமே கழுத்தை வளைத்து ஓட்டத்தை மெதுவாக்கினான். ஒவ்வொரு அடியும் நிலத்தை விட்டு மேலே வந்து, ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு இறங்கியது. பசாஜ் என்று பெயர். நான் ஐந்து வருடமாகக் கேட்பது. ஒரே ஒரு தரம் மூன்று அடி தந்தான், அதுவும் தற்செயல் என்று இனெஸ் சொன்னாள்.

இவருக்குச் சுவர் முழுக்கத் தந்தான். இவர் கேட்கவே இல்லை.

“என்ன செய்தவர் உவர்? ஏதும் பிழையோ?” என்று இவர் பயந்துபோய்க் கேட்டார்.

இனெஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “என் அப்பா இப்படித்தான் இருப்பார்” என்றாள்.

நான் கைத்தட்டினேன். கை நொந்தது.

நவம்பர் எட்டாம் திகதி விருந்தினர் நாள். லூமே ஆட்களுக்கு முன்னால் வருவது இதுதான் கடைசித் தரம், பிறகு ஓய்வு. ஒரு ஆள்தான் ஏறலாம். யார் என்று வரும் கிழமை சொல்வாளாம்.


ஒக்ரோபர் 13, திங்கள்

தாங்ஸ்கிவிங். மகள் ஷெரின் டவுன்ரவுணிலிருந்து வந்தாள். வான்கோழிக்கு உள்ளே கறித்தூள் போட்டுப் பிரட்டிய உருளைக்கிழங்கு. நெஞ்சுப் பக்கம் காய்ந்துவிட்டது.

லாயத்தில் யாரோ எடுத்த வீடியோவை இவர் போனில் காட்டினார். நான்தான் எடுத்தேன் என்று நினைத்தாளாம். நான் எடுக்கவில்லை.

“அப்பா! ஓ மை கோட், யூ லுக் லைக் அ கிங்!” பிறகு என் பக்கம் திரும்பி, “அம்மா, ஆர் யூ ஓகே வித் திஸ்? இது உங்கட திங் எல்லோ?”

“எனக்கென்ன. நல்லதுதானே.”

“யூ’ர் சோ ஜெலஸ்” என்று சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் சட்டி கழுவப் போனேன்.


ஒக்ரோபர் 16, வியாழன்

மழை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் இனெஸ் போன். இவர் தள வேலையில், மாபிள் வெட்டும் சத்தத்தில் போன் எடுக்கமாட்டார், அதனால் என்னிடம் சொல்கிறாளாம். விருந்தினர் நாளில் லூமே மேல் இவர். நான் மைக்கில் விளக்கம். “உனக்குத்தான் எல்லாம் தெரியும். உன்னைப் போல அழகாக விளங்கப்படுத்த இங்கே ஆளில்லை.” அன்பாகத்தான் சொன்னாள். “அவரிடம் நீயே சொல்லிவிடு, சந்தோசப்படுவார்.”

ஓம் என்றேன்.

பின்னேரம் இவர் கை கால் கழுவி வந்து சாப்பிட இருந்தார். சோறு போட்டேன். மீன் குழம்பு ஊற்றினேன். பிறகு சொன்னேன்:

“இனெஸ் எடுத்தவ. உங்கட பாரம் அந்தக் கிழட்டுக் குதிரைக்குக் கூடவாம். இனி ஏறவேண்டாமாம்.”

எவ்வளவு சுலபமாக வந்தது. பயிற்சியே தேவைப்படவில்லை.

இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். “பாவம்” என்றார். “அவருக்கு முதுகு நொந்திருக்குமோ? எனக்கு ஒண்டும் விளங்கேல்லையே.”

குதிரையைப் பற்றித்தான் கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.


ஒக்ரோபர் 18, சனி

இவர் காருக்குள்ளேயே. இறங்கும்போது ஒரு பை கரட் தந்தார், தோல் சீவி, விரல் அளவு வெட்டியது. “அவருக்குக் குடும். நான் தெரியாமல் ஏறினது எண்டு சொல்லும்.”

இனெஸ் ஓடிவந்தாள். “என்ன சொன்னார்?”

“வேண்டாமாம். முழங்கால் நோவு. நிலத்தில் முழங்காலில் இருந்து செய்கிற வேலை. வெட்கமும்.” இரண்டாவது பொய். முதலாவதைவிட நீளம்.

முகம் வாடிவிட்டது அவளுக்கு. மணலைக் காலால் கீறிக்கொண்டு நின்றாள். பிறகு, “சரி. அப்படியென்றால் நீ.”

கிடைத்துவிட்டது.

ஏறினேன். லூமே எல்லாம் செய்தான், மூத்த உத்தியோகத்தர் கோப்பில் கையெழுத்துப் போடுவதுபோல. பசாஜ் கேட்டேன். வாலை ஒருமுறை ஆட்டினான், அவ்வளவுதான். கரட் முழுவதையும் தின்றான்.


ஒக்ரோபர் 22, புதன்

இவர் இரவில் சோறு விட்டுவிட்டார். இரண்டு துண்டு பாண், சம்பல் இல்லாமல். குளியலறைத் தராசு கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருக்கிறது.

“வருத்தமோ?” என்றேன்.

“இல்லை, சும்மா.” கொஞ்ச நேரம் கழித்து: “ஒரு நாலைஞ்சு கிலோ குறைஞ்சா விடுவினமோ எண்டு பாக்கிறன். ஆட்களுக்கு முன்னால இல்லை. சும்மா ஒருக்கால் இருந்து பாக்க.”

ஐம்பத்தைந்து வயது. இருபத்தெட்டு வருடமாக மற்றவர்களுடைய வீட்டு நிலத்துக்கு மாபிள் பதிக்கிறார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு தனக்கென்று இவர் ஒன்று கேட்டு நான் கேட்டதில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நேர்மையாக எழுதினால்: இவர் ஏறினால் இவர்தான் நல்லம். அது மாறாது. நான் எழுபது வயதுவரை போனாலும் மாறாது.


ஒக்ரோபர் 25, சனி

தேதியை மறக்கமாட்டேன்.

லூமேயை நடையில் சுற்றிக்கொண்டிருந்தேன். இனெஸ் திடீரென்று, “அவருடைய முழங்காலுக்கு என்னிடம் ஒரு எண்ணெய் இருக்கிறது” என்று வெளியே போனாள். மணல் கொட்டகையின் பெரிய கதவு திறந்து கிடந்தது. இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தேன்.

முதல் சுற்று: அவள் கார்க் கண்ணாடியைத் தட்டுகிறாள்.
அடுத்தது: இவர் வெளியே நின்று, போத்தலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
அடுத்தது: இவர் தன் வயிற்றைத் தட்டிக் காட்டி ஏதோ சொல்கிறார். இவரின் ஆங்கிலம் வேலைத்தள ஆங்கிலம். சுருக்கம், ஆனால் போதும்.
அடுத்தது: அவள் தலையை ஆட்டுகிறாள், இல்லை இல்லை என்று.
அடுத்தது: இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்.

லூமே நின்றுவிட்டான். நான் மூச்சே விடவில்லை. எதற்கு நின்றான் என்று தெரியாது.

இனெஸ் வந்து கடிவாளத்தைப் பிடித்தாள். “முழங்கால் நல்லாக இருக்கிறதாம். இறங்கு.”

இறங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவள் அழுகையைக் கவனிக்கவில்லை, சேணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “எனக்குப் பதினேழு வயதில் தம்பியின் கடிவாளத்தைக் கிணற்றில் போட்டேன்” என்றாள். “அவனுக்கு அப்பா குதிரையில் இருக்கும் விதம் அப்படியே இருந்தது. எனக்கு இல்லை. அப்பா ஒரு மாதம் என்னைக் குதிரையில் ஏற விடவில்லை. உனக்கு மூன்று வாரம். வந்து லூமேயைத் தேய்த்துக் கழுவு.”

காரில் இவர் ரேடியோ போடவில்லை. ஹைவேயை விட்டு மோர்னிங்சைட்டில் இறங்கும் வளைவில்தான் சொன்னார்:

“இது என்ர, நீங்கள் தொடவேண்டாம் எண்டு நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தீர் எண்டால், நான் ஏறியே இருக்கமாட்டன்.”

“தெரியும்.”

“பிறகு?”

“நீங்கள் விட்டுத்தந்தால் அது எனக்கு இன்னும் வெக்கக்கேடு.”

சிவப்பு விளக்கு. பச்சை. பின்னால் கோர்ன் அடித்தார்கள்.

“நான் ராவிலை சோறு தின்னாமல் கிடந்தனான்” என்றார்.


ஒக்ரோபர் 26, ஞாயிறு

பூசைக்குப் போனோம், தனித்தனி வரிசையில். சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமி எந்தக் குதிரை என்று கேட்டார். தண்டனைக்கு மூன்று தரம் ‘அருள்நிறை மரியே’ சொல்லச் சொன்னார்.

அது போதாது என்று எனக்கே தெரிந்தது.


ஒக்ரோபர் 30, வியாழன்

கடும் காற்று. பின்வேலியின் ஒரு பலகை போய்விட்டது. இவர் ஆணி அடிக்கும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கு நாளில் அதுதான் நீளமான சம்பாசணை.

“எட்டாந் திகதி நீங்கள் ஏறுங்கோ.”

“தேவையில்லை.”

“இனெஸ் கேக்கிறா.”

“அவ கேக்கட்டும். நீர் ஏன் கேக்கிறீர்? செய்த பிழைக்கோ?”

யோசித்தேன். ஓம் என்று சொன்னால் சம்மதித்திருப்பார், இவர் அப்படித்தான். “இல்லை. எனக்கு அதைப் பாக்கவேணும். எரிச்சலாத்தான் கிடக்கு. எண்டாலும் பாக்கவேணும். இனெஸின்ர அப்பா லூமேக்கு என்ன சொல்லிக் குடுத்தவரோ, அது உங்களுக்குக் கீழதான் வெளியில வருது. எனக்குக் கீழ வரேல்லை. லூமே ஓய்வுக்குப் போயிட்டா அதைப் பிறகு ஆர் பாக்கிறது?”

சுத்தியலைக் கீழே வைத்தார். “கீழை எண்டு சொல்லாதையும். அவர் கீழை இல்லை” என்றார்.

ஏறுவார்.


நவம்பர் 8, சனி

மேகம், மழை இல்லை. அறுபது, எழுபது பேர் இருக்கும். ஷெரினும் வந்தாள்.

காலை ஆறு மணிக்கே லூமேயைத் தேய்த்தேன். வால் மயிரைக் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இனெஸின் அப்பாவின் கறுப்புக் கோட் இவருக்கு. தோள் சரி, கை நீளம். இரண்டு பக்கமும் உள்ளே மடித்துத் தைத்தேன்.

மைக்கில் வாசிக்க மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். நன்றாகத்தான் போனது. ஏன் அங்கவடி இல்லாமல் தொடங்குகிறார்கள், ஏன் கடிவாளம் தளர்ந்திருக்கிறது, யாரிடமிருந்து யாருக்கு இது வந்தது. இவர் நடையில் வந்தார். மெல்லோட்டம். மூலையில் லூமே பக்கவாட்டாகக் கால் மாற்றி வந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் “ஓ” என்றாள். அது பெரிய விசயமில்லை, குதிரைக்கு அது சாதாரணம். அதற்கு முன் இவர் ஒன்றுமே செய்யாமல் விட்ட அந்த அரை நொடிதான் பெரிய விசயம். அதை அங்கே கண்டது இனெஸும் நானும் மட்டும்.

நீளச் சுவர். பசாஜ். நான் இரண்டாம் பக்கத்தில், “இப்போது நீங்கள் பார்ப்பது” என்ற இடத்தில். அதற்கு மேல் வாசிக்கவில்லை. இனெஸ் கையைக் காட்டினாள், பேசு பேசு என்று. மைக்கைக் கீழே பிடித்தேன். கொட்டகைக்குள் மூக்கால் மூச்சு விடும் சத்தமும் சேணத் தோலின் சத்தமும் மட்டும். சுவரின் முடிவு வரை, திரும்பி, மறு சுவர் முடிவு வரை.

ஐந்து வருடம் நான் படிக்காமல் இருந்திருந்தால் இன்று அதைக் கண்டிருக்கமாட்டேன். அதற்காகச் சந்தோசப்பட முயன்றேன். பாதி வந்தது. மீதி வயிற்றெரிச்சல்தான், பச்சையாக, முதல் நாள் மாதிரியே.

இறங்கியதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் எத்தனை வருடப் பயிற்சி என்று கேட்டார். இவர் என்னைத் தேடிப் பார்த்து, “அஞ்சு வருசமா நான்தான் இவவைக் கூட்டிவாறனான்” என்றார்.


நவம்பர் 12, புதன்

சிறு பனி. நிலத்தில் நிற்கவில்லை.

இவர் வேலையால் நேரே வரவில்லை. ஆறு மணிக்கு வந்தார். உடுப்பில் வைக்கோல். இனி புதன் பின்னேரங்களில் அங்கே போகிறாராம். தானே போன் எடுத்து இனெஸிடம் கேட்டாராம். ஒரு இளம் பெண்குதிரை வந்திருக்கிறது. லூமே இவருக்குக் காட்டியதை இவர் அதற்குக் காட்ட வேண்டுமாம்.

“சனி உம்மட. அதிலை நான் வரேல்லை. இனி நீர்தான் ஓடிப் போகவேணும்.”

நான் 401-இல் தனியே ஓடியதே இல்லை. சரி என்றேன்.


நவம்பர் 15, சனி

என் மூன்று வாரம் முடிந்தது. வலது பக்கப் பாதையில் எண்பதில் ஓடினேன், லொறிக்காரர் எல்லோரும் ஏசியிருப்பார்கள். இரண்டு கை விரலும் ஸ்ரியரிங்கில் விறைத்துவிட்டன. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

லூமே வயலில், போர்வையோடு, ஓய்வு. எனக்கு வேறு குதிரை, பதினாறு வயது, மண்ணிறம், சோம்பேறி. அங்கவடி இல்லாமல் முதலிலிருந்து. இனெஸ் கயிற்றைப் பிடித்து நின்றாள். இவர் புதன்கிழமை எப்படி ஏறினார் என்று கேட்டேன். சொன்னாள். இன்னொருமுறை கேட்டேன். திருப்பிச் சொன்னாள், சலிக்காமல்.

வீட்டுக்கு வந்து: புதன் மத்தியானத்தோடு வேலையால் வெளிக்கிட முடியுமா என்று மேலாளருக்கு எழுதினேன். பிறகுதான் இவரிடம் கேட்டேன், வந்து பார்க்கலாமா என்று.

நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பத்து நகமும் வெட்டி முடித்தார்.

“வாரும்” என்றார். “ஆனா ஒண்டும் விளங்கப்படுத்தக்கூடாது.”